எல்லையைத் தாண்டி வாங்கினாலும் சீட்டு கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஊரைப் பற்றியவை. அரிசோனாவின் யூமாவுக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும் மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனெஸ். ரிட்டயர் ஆகி ஆர்.வி.யில், அதாவது வீடு மாதிரி வசதியுள்ள வண்டியில், சுற்றுகிறவர்கள் குளிர்காலம் வந்தால் அங்கே காலையில் நடந்து போய், பல்லுக்கோ கண்ணுக்கோ ஏதாவது செய்துகொண்டு சாயங்காலம் திரும்புவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், ஏமாந்தவர்கள் பட்டியலிலும் ஒருவன். கடிதங்களை வெட்டிச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஜனவரியில் முதல் முறையாகப் போகிறோம். ஆர்.வி.யோடு அப்படியே எல்லை தாண்டலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: எதற்கு? உங்கள் அமெரிக்க இன்சூரன்ஸ் அந்தப் பக்கம் செல்லாது, மெக்சிகோ பாலிசி தனியாக வாங்க வேண்டும், அவ்வளவும் நாலைந்து தெரு சுற்றுவதற்காக. ஆண்ட்ரேட் எல்லைச் சாவடிக்கு முன்னாலேயே குவெச்சான் பழங்குடியினர் நடத்தும் பெரிய பார்க்கிங் இருக்கிறது, காசு கட்டி ஆர்.வி.யை அங்கே விட்டுவிட்டு நடங்கள். போவது சுலபம், திரும்பும்போதுதான் வரிசை. சீசனில் மத்தியானத்துக்கு மேல் மணிக்கணக்கில்கூட நிற்க வேண்டிவரும், முழங்கால் வலி உள்ளவர்கள் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்வது நல்லது. அப்புறம் கடிகாரம். யூமா அரிசோனா நேரம், அல்கோடோனெஸ் கலிபோர்னியா நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி பின்னால். இது தெரியாமல் நான் முதல் தடவை ஒரு மணி நேரம் முன்னால் போய், பூட்டிய பல் கிளினிக் வாசலில் நின்றபடி மூன்று டாக்கோ தின்றேன். டாக்டரம்மா முதல் வேலையாகப் பல்லிடுக்கிலிருந்து கொத்தமல்லி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

கேள்வி: கிரீன் கார்டு தொலைந்துவிடும் என்று பயம். போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதாதா?

பதில்: போதாது. திரும்பி வருவது அமெரிக்காவுக்குள், போட்டோ ஸ்டுடியோவுக்குள் இல்லை. சிட்டிசன்களுக்கும் 2009 ஜூன் 1 முதல் டிரைவிங் லைசென்ஸும் பர்த் சர்டிஃபிகேட்டும் காட்டி வந்த காலம் முடிந்துவிட்டது. நீங்கள் கிரீன் கார்டையே கொண்டு போங்கள்; சிட்டிசன்கள் பாஸ்போர்ட் கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் அடங்கும், தரை வழிக்குச் செல்லும். விமானத்துக்குச் செல்லாது.

கேள்வி: கேட்டைத் தாண்டியதுமே ஒருவர் கூடவே வந்து ஒரு கிளினிக்கில் விட்டார். மனைவிக்கு நாலு கிரவுன், பல்மேல் மாட்டும் உறை. ரொக்கமாகத் தந்தால் தள்ளுபடி என்றார்கள், 1,400 டாலர் முன்னாலேயே கொடுத்துவிட்டோம். மூன்றாவது வாரம் ஒன்று கழன்று விழுந்தது. நேரில் வாருங்கள் என்கிறார்கள், நாங்கள் இப்போது ஆரிகனில் இருக்கிறோம். கையில் இருப்பது 'பாகாதோ' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. (எழுபது வயதுக்காரர்)

பதில்: முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், தப்பு அவர்மீது இல்லை. மூன்று வாரத்தில் விழும் கிரவுன் வேலைக் குறை, முறுக்குக் கடித்தாரா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். விழுந்த கிரவுனை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள். ஆரிகனில் ஒரு பல் டாக்டரிடம் காட்டி, என்ன குறை என்று எழுதி, படமும் எடுத்து வாங்குங்கள். அதைக் கிளினிக்குக்கு ஸ்பானிஷில் அனுப்பி, சரிசெய்யும் செலவைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் மெக்சிகோவில் ப்ரொஃபெகோ என்று 1976-லிருந்து இயங்கும் மத்திய அரசின் நுகர்வோர் அமைப்பு இருக்கிறது, வெளிநாட்டவரும் புகார் கொடுக்கலாம். அவர்கள் முதலில் கேட்பது ரசீதைத்தான். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

'பாகாதோ' என்றால் 'பணம் கட்டியாச்சு', அவ்வளவுதான். யாருக்கு, எதற்கு, எந்தப் பல்லுக்கு? ஊரில் கத்தரிக்காய்க்கு ரெண்டு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் நிற்கிற நாம், ஆயிரம் டாலர் வேலைக்கு ஒரு காகிதம் கேட்கக் கூச்சப்படுகிறோம். அங்கே சும்மா கிழித்துக் கொடுப்பது நோத்தா, வரிக்கணக்கில் ஏறும் முறையான பில் ஃபக்தூரா. இந்த ரெண்டாவது சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன்பே எந்தெந்தப் பல், ஜிர்கோனியாவா உலோகத்தின்மேல் பீங்கானா, ஒன்றுக்கு என்ன விலை, எத்தனை வருஷம் கேரண்டி, விழுந்தால் வேறு ஊரில் சரிசெய்த செலவைத் தருவீர்களா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். டாக்டரின் முழுப் பெயரும் செதுலா எண்ணும் சேர்த்து. செதுலா என்பது தொழில் உரிம எண், மெக்சிகோ கல்வி அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பாதிப் பணம் முன்னால், மீதி பொருத்திக் கடித்துப் பார்த்த பிறகு, அதுவும் கிரெடிட் கார்டில். பின்னால் வங்கியிடம் சண்டை போடக் கார்டில் வழி உண்டு, ரொக்கத்துக்கு இல்லை. கூட நடந்து வந்த அந்த அன்பானவருக்குப் பெயர் ஹலதோர், இழுத்து வருகிறவர். அவருக்குக் கமிஷன், அது உங்கள் பில்லில்தான் ஏறும்.

நல்ல டாக்டர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், என் ரெண்டு கடைவாய்ப் பற்களே சாட்சி. மூத்தவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் சாதாரணப் பல் வேலைக்கும் கண்ணாடிக்கும் பணம் தராமல் இருக்கும்வரை நாம் போய்க்கொண்டுதான் இருப்போம். போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கேள்வி: தெருவில் வெள்ளிக் காப்பு வாங்கினேன். உள்ளே 'அல்பாகா' என்று முத்திரை இருக்கிறது. கம்பெனி பெயரா?

பதில்: இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், வெள்ளி பொட்டுக்கூட இல்லை. வெள்ளி என்றால் 925 என்று இருக்கும். நானும் நாற்பது டாலருக்கு ஒன்று வாங்கினேன், ரெண்டு நாளில் மணிக்கட்டைச் சுற்றிப் பச்சை வளையம். இப்போது அது ஆர்.வி.யில் சாவி மாட்டும் வளையம்.

கேள்வி: அங்கே ப்ரிஸ்கிரிப்ஷன் இல்லாமலே ஆன்டிபயாடிக், வலி மாத்திரை எல்லாம் கிடைக்குமாமே?

பதில்: ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டு வேண்டும் என்று மெக்சிகோவே 2010-ல் விதி போட்டுவிட்டது. சும்மா நீட்டுகிற கடை வேறு எதில் ஒழுங்காக இருக்கும்? வலி மாத்திரையை உதிரியாக விற்றால் தொடாதீர்கள். 2023-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையும் மெக்சிகோவின் பல ஊர் மருந்துக் கடைகளில் வாங்கிச் சோதித்த மாத்திரைகள் சிலவற்றில், கொஞ்சம் கூடினாலும் ஆளைக் கொல்லும் ஃபென்டனில் இருந்தது. பிரஷர் மாத்திரை மாதிரி வழக்கமானவற்றைச் சீல் பிரிக்காத பெட்டியில், காலாவதித் தேதி பார்த்து, உங்கள் டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: லிட்டர் கணக்கில் வனிலா எசென்ஸ், கொள்ளை மலிவு. வாங்கலாமா?

பதில்: மலிவு வனிலா சிலவற்றில் கூமரின் என்ற மணப்பொருள் இருக்கும், அமெரிக்காவில் 1954-லேயே உணவில் தடை செய்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

கேள்வி: தொப்பியில் $250 என்று எழுதியிருந்தது. அலறிவிட்டேன்.

பதில்: மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே குறிதான். ஆனால் அல்கோடோனெஸில் பாதிக் கடைகள் டாலரிலும் விலை சொல்லும், கேட்டுவிடுங்கள். அலறியது நல்லதுதான், அலறாமல் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டு மெஷின் பெசோவா டாலரா என்று கேட்டால் பெசோ.

கேள்வி: டெக்கீலா ஆறு பாட்டில்?

பதில்: வரியில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர்.

கேள்வி: மாம்பழம்?

பதில்: வாங்கிப் பையில் வைத்தால் எல்லையில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் அபராதமும் உண்டு. மிளகாய்ப்பொடி தூவி, எலுமிச்சை பிழிந்து கப்பில் தருவார்கள். வரிசையில் நிற்கும்போதே தின்றுவிடுங்கள்.