சொந்தத் தொழில் நடத்துபவர், தொழில் வேறு தான் வேறு என்று எப்படி இருப்பது?

முழுசாகப் பிரிக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் சின்னதாக ஒரு ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகை, பில் புக், லெட்டர் பேட் இதெல்லாம்தான் வேலை. அந்த அளவுத் தொழிலை வைத்துத்தான் என் பதில். "கடை டென்ஷனைக் கடையிலேயே விட்டுட்டு வாங்க" என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள், அவர்களை விட்டுவிடலாம். மனசைப் பிரிக்க உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது, கையில் பிடிக்க முடிந்த விஷயங்களைப் பிரித்தால் மனசு கொஞ்சம் லேட்டாகப் பின்னால் வரும்.

பணத்தில் ஆரம்பியுங்கள். கல்லாவில் இருந்து எடுத்து மளிகை வாங்குவது, வீட்டு கேஸ் சிலிண்டருக்குக் கடை ஜிபேயில் கட்டுவது, இதை முதலில் நிறுத்த வேண்டும். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் எடுப்பு என்று படித்திருப்பீர்கள், முதலாளி தன் சொந்தச் செலவுக்கு எடுப்பதைத் தனியாக எழுத வேண்டும் என்று. படித்தவர்கள்கூடத் தன் கடைக்கு அதைச் செய்வதில்லை. நான் கரண்ட் அக்கவுண்டில் இருந்து என் சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு மாதா மாதம் ஒரே தொகையை அனுப்பிக்கொள்கிறேன், வீடு அதில்தான் ஓட வேண்டும். (புரொப்ரைட்டர், அதாவது கம்பெனி ஆக்காமல் தனி ஆளாகத் தொழில் நடத்துபவர், தனக்குத் தானே கொடுக்கும் சம்பளம் வருமான வரியில் செலவாகக் கழியாது, அது வேறு கதை.) இதனால் என்ன லாபம் என்றால், ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும், ஆனால் அது வீட்டுக்குத் தெரியாது. வைகாசியில் காசு புரளும், அதுவும் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது.

சட்டத்தை ரொம்ப நம்பாதீர்கள். புரொப்ரைட்டர்ஷிப் என்றால் உங்கள் பான் கார்டுதான் கடையின் பான் கார்டு, கடை கடனுக்கு உங்கள் வீடும் பதில் சொல்லியாக வேண்டும், கடை செக் திரும்பினால் கேஸ் உங்கள் மேல்தான். கம்பெனி ஆக்கினால் சட்டத்தின் கண்ணில் அது உங்களிலிருந்து வேறான தனி ஆளாகிவிடுமே என்பார்கள். சரிதான், 1896-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஆரன் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு சொன்னது. 20,007 பங்கில் 20,001 அவர் கையில், மிச்சம் ஆறும் குடும்பத்தாரிடம், அப்படியிருந்தும் கம்பெனி வேறு சாலமன் வேறு என்றார்கள். நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தில் ஒரே ஆள் தனியாகக் கம்பெனி தொடங்கவும் வழி வந்துவிட்டது. ஆனால் மெஷின் லோனுக்கு பேங்கில் போய் நின்றால், பெரும்பாலும் டைரக்டரின் சொந்த கேரண்டியில் கையெழுத்து கேட்பார்கள். போட்ட நிமிஷமே அந்தக் கடனைப் பொறுத்தவரை கம்பெனிக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த சுவர் இடிந்தது. கம்பெனி திவாலானால் கேரண்டி கொடுத்தவர் மேலும் திவால் நடவடிக்கை எடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்துவிட்டது. வருஷா வருஷம் கட்டாய ஆடிட் வேறு. என் மாதிரிச் சின்னக் கடைக்குக் கம்பெனி ஆக்குவது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம், பெரிய ஆர்டர் எடுத்துப் பெரிய கடனில் நிற்பவர்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

உண்மையில் ஆளை விழுங்குவது போன்தான். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணா, பொண்ணோட பெரியப்பா பேரு விட்டுப்போச்சுங்க, பிளேட் போட்டாச்சுங்களா?" என்பார்கள். பிளேட் என்பது அச்சடிக்க மெஷினில் மாட்டும் தகடு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெரியப்பா பேர் விடுபட்டால் அந்த வீட்டில் கல்யாணமே கலகம் ஆகிவிடும், எங்கள் பக்கம் பத்திரிகையில் பேர் வரிசைக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் அந்த அழைப்பு என் அம்மா கூப்பிடும் அதே நம்பருக்கு வரக்கூடாது. அதனால் கடைக்குத் தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். இரண்டும் ஒரே போனில் ஓடும், இன்னொரு போன் வாங்கத் தேவையில்லை. எட்டு மணிக்கு மேல் மெசேஜ் வந்தால் 'காலையில் பார்க்கிறோம்' என்று தானாகப் பதில் போகும். ப்ரூஃபில், அதாவது சரிபார்க்கக் கொடுக்கும் மாதிரியில், கஸ்டமர் ஓகே சொன்ன பிறகுதான் பிளேட், அதுவும் மறுநாள் காலையில்தான் என்று வைத்துக்கொண்டதால் ராத்திரி அழைப்புக்கான காரணமே பாதி போய்விட்டது. பழைய கஸ்டமர்கள் முதலில் முறைத்துக்கொண்டார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள், ஒருவர் மட்டும் வேறு பிரஸுக்குப் போனார்.

பேர் விஷயம் கஷ்டம். ஊரில் நான் பிரஸ்காரர்தான், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே ஆயிரம் பில் புக்குக்கு ரேட் கேட்பார்கள். அதை மாற்ற நான் முயற்சிக்கவில்லை, கடையில் பார்க்கலாம்ங்க என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொள்வேன். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று: கடைக்கு உங்கள் சொந்தப் பேரை வைக்காதீர்கள். நாளைக்கு விற்க வேண்டி வந்தால் வாங்குபவர் உங்கள் பேரில் கடை நடத்துவார், அவர் செய்யும் குளறுபடிக்கு உங்களைப் பேசுவார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், முடிவு எடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். இப்போது நிறையப் பேர் வாட்ஸ்அப்பிலேயே பத்திரிகை அனுப்பிவிட்டு, கோயிலில் வைக்கவும் முக்கிய உறவுகளுக்குக் கொடுக்கவும் மட்டும் நூறு அடிக்கிறார்கள். பிரஸ்தான் நான் என்று இருப்பவருக்கு இது தன்னை யாரோ வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கும், ரேட்டைக் குறைத்து, கோபப்பட்டு, அதே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அது ஆர்டர் குறைந்த ஒரு வேலை, அவ்வளவுதான். மசால் பாக்கெட் லேபிளுக்கும் ஜவுளிக்கடை டேக்குக்கும் ஆள் தேடிப் போனேன், இப்போது மெஷின் பாதி நாள் அதில்தான் ஓடுகிறது.