கட்டட வேலைக்குப் பிறகு கல்லாக இறுகிய மண்ணைக் காய்கறித் தோட்டத்துக்குப் பக்குவப்படுத்துவது எப்படி?

புதிதாகக் கட்டிய வீட்டின் பின்புறம் பத்தடிக்கு நாலடி இடம், செம்மண், மண்வெட்டி இறங்கவில்லை, நட்ட கத்தரியும் தக்காளியும் முக்கால் அடியோடு நின்றுவிட்டன. மணல் கலக்கலாமா, ஜிப்சம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணல் வேண்டாம். ஜிப்சத்தை ஒரு சோதனை செய்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழ பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் நீரும் காற்றும் இருக்கின்றன. லாரி நின்று, ஜல்லி கொட்டி, ஆள் நடந்து மிதிபட்ட இடத்தில் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். தண்ணீர் கீழே இறங்குவதும் காற்று உள்ளே போவதும் அவற்றின் வழியாகத்தான். உங்கள் செடிகள் நின்றுபோனதற்கு உரக்குறைவைவிட வேர் மூச்சுமுட்டுவதே காரணமாக இருக்கும். அதனால்தான் இன்னும் கொஞ்சம் யூரியா போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் இறுக்கம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். இடத்தை நன்றாக நனைத்து இரண்டு நாள் விட்டு, 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி ஒன்றை ஐந்தாறு இடங்களில் கையால் அழுத்துங்கள். காய்ந்த செம்மண் எங்கும் கெட்டியாகத்தான் இருக்கும், ஆகவே நனைக்காமல் செய்த சோதனை எதையும் சொல்லாது. நாலு அங்குலத்தில் கம்பி நின்றால் இறுக்கம் அங்கே தொடங்குகிறது. பிறகு ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் பிழைத்தோம். இரவு முழுக்க நின்றால், மண்ணைத் திருத்துவதோடு பாத்தியையும் முக்கால் அடி உயர்த்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது சோதனை ஜிப்சத்துக்கானது. பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ மெதுவாகப் போட்டு, அசைக்காமல் சில மணி நேரம் வையுங்கள். கட்டி சரிந்து பொலபொலவென்று உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால், குறை அங்ககப் பொருளில், அதாவது மண்ணில் மக்கிய இலைதழையும் எருவும் போதவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மேகம் படர்ந்தால் மண்ணில் சோடியம் அதிகம், அதாவது களர்த்தன்மை. ஜிப்சம் இந்த இரண்டாவது மண்ணுக்குத்தான் மருந்து. அதையும் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அவர்கள் சொல்லும் அளவில் போடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு மேகம் படரவிடாமல் மறைத்துவிடும்.

மணலை ஏன் மறுக்கிறேன் என்றால், குறைந்த அளவு மணல் களிப்பான மண்ணில் சேரும்போது மணல் துகள்களுக்கு நடுவே களி அடைத்துக்கொண்டு காரை போல் ஆகிவிடும். பலன் தெரிய வேண்டுமென்றால் மொத்தத்தில் பாதிக்கு மேல் மணல் இருக்க வேண்டும். உங்கள் 40 சதுர அடியில் ஓரடி ஆழத்துக்கு இருக்கும் மண்ணே 40 கன அடி, அதற்கு மேல் மணல் தேவைப்படும். எம்-சாண்ட் இன்னும் மோசம். அதிலுள்ள கல்தூள் துளைகளை அடைக்கும்.

இனி வேலை. சித்திரையில் கோடை மழை பெய்ததும் தொடங்குவது உத்தமம். மழை இல்லையென்றால் சுற்றி வரப்புக் கட்டி இரண்டு மூன்று முறை தண்ணீர் தேக்குங்கள். அதன்பின் மூன்று நாள் பொறுத்து, அரை அடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் பாருங்கள். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை களிமண் போல நசுங்கினால் அன்று மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஈரமாகக் கொத்திய மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். தோட்டங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான், சரிசெய்ய ஒரு பருவம் போய்விடும்.

பாத்தியின் ஒரு முனையில் ஓரடி அகலம், முக்கால் அடி ஆழத்துக்குச் சால் (குறுக்குப் பள்ளம்) எடுத்து, அந்த மண்ணை மறுமுனையில் குவித்து வையுங்கள். சாலின் அடிப்பகுதியைக் கடப்பாரையால் அரை அங்குலம் அரை அங்குலமாகக் குத்தத் தேவையில்லை. அரை அடிக்கு ஒரு குத்து குத்தி நெம்பி, விரிசல் விட்டால் போதும். அடிமண்ணை மேலே கொண்டுவராதீர்கள், அதில் மக்கும் நுண்ணுயிரும் குறைவு. அடுத்த சாலின் மேல்மண்ணை, மக்கிய எரு கலந்து, முதல் சாலில் தள்ளுங்கள். இப்படியே கடைசி வரை. கடைசிச் சாலை மறுமுனையில் குவித்த மண்ணால் நிரப்புங்கள். வருகிற செங்கல் துண்டு, பூச்சு உதிரி, சிமெண்ட் கட்டி எல்லாவற்றையும் பொறுக்கி வெளியேற்றுங்கள். சிமெண்ட் மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். அப்போது இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிடும்.

எருவின் அளவு: இரண்டு அங்குலக் கனம். 40 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 190 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியால் பன்னிரண்டு பதின்மூன்று வாளி. ஆறு மாதமாவது மக்கிய தொழு உரமாக இருக்கட்டும். பச்சைச் சாணம் வேரைச் சுடும், வேர்ப்புழுவையும் கூட்டி வரும். தென்னை நார்க்கழிவு சேர்த்தால் மக்க வைத்து, உப்புப் போக அலசியதைச் சேருங்கள். மக்காததும் மரத்தூளும் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை நுண்ணுயிர்களுக்கே இரையாக்கிவிடும், செடி வெளிறிப் போகும்.

உடனே காய்கறி நடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். கொத்திய மண் நாலு மழையில் மறுபடி உட்கார்ந்துவிடும். அதைத் திறந்தே வைத்திருப்பவை வேர்கள்தான். வைகாசித் தொடக்கத்தில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டின் விதை 40 கிராமை இரவு ஊறவைத்து நெருக்கமாக விதையுங்கள். வயலுக்குச் சொல்லும் அளவைவிட இது ஏறக்குறைய இரட்டிப்பு. சின்ன பாத்தியில் அடர்த்தி நல்லது. தக்கைப்பூண்டு களரையும் தேங்கிய நீரையும் தாங்கும். கிடைக்காவிட்டால் சணப்பு. 40 முதல் 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது தரையோடு அறுத்துத் துண்டாக்கி, பாத்தி மேலேயே பரப்புங்கள். வேர் உள்ளேயே மக்கட்டும். அந்த வேர்த்தடங்கள்தான் பின்னால் வரும் வேர்களுக்குப் பாதை. இரண்டு வாரம் பொறுத்தால் ஆடிப்பட்டம் வந்துவிடும்.

முதல் பருவத்தில் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு. கத்தரியும் தக்காளியும் அடுத்து வரட்டும். கேரட்டும் முள்ளங்கியும் இந்த மண்ணில் கிளைபிரிந்து கோணலாகும். ஒரு வருடம் விடுங்கள்.

பாத்தியைக் காலால் மிதிக்கக் கூடாது. நாலடி அகலமானால் இருபுறமிருந்தும் கை எட்டும். ஒருபுறம் சுவரென்றால் இரண்டரை அடிக்குக் குறைத்து, நடைபாதை விடுங்கள். வெறும் மண்ணில் மழைத்துளி விழுந்தாலும் குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் மேலே ஓடு கட்டும். சருகு, வைக்கோல், கரும்புத் தோகை எது கிடைத்தாலும் மூன்று அங்குல மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி இரண்டு அங்குலம் விட்டுவிட்டு. ஐப்பசி மழையில் நத்தை பெருகினால் மூடாக்கைப் பாதியாகக் குறையுங்கள்.

அறுவடை முடிந்த செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். அதற்கு முன் ஒரு செடியை மட்டும் பிடுங்கி வேரைப் பாருங்கள். பட்டாணி போல முடிச்சு முடிச்சாக வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழு, அப்போது எல்லா வேரையும் எடுத்து வெளியேற்ற வேண்டும். பயறு வகை வேரின் பக்கவாட்டில் ஒட்டி, சுரண்டினால் உதிரும் சிறு முடிச்சுகள் நல்லவை, அவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் அங்குலம் எரு, மேலாகவே. மறுபடி ஆழக் கொத்துவது வேண்டாம். அடுத்த சித்திரையில் அதே இடங்களில் அதே கம்பியை அழுத்திப் பாருங்கள். முக்கால் அடி தாண்டி இறங்கினால் கேரட் விதை வாங்கலாம்.