பட்டறையில் நாய்க்குப் பதிலாகக் கிண்ணிக்கோழி வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் பட்டறைக்குள் இல்லை, வெளி முற்றத்தில். கிண்ணிக்கோழி என்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த, நாட்டுக்கோழி அளவுள்ள பறவை. கூட்டமாக வாழ்ந்து தரையில் மேய்ந்து பழகியது என்பதால், ஒன்று எதையாவது புதிதாகப் பார்த்துக் கத்தினால் மற்றவையும் சேர்ந்து கத்தும். தெருவில் புது ஆள் நுழைந்ததும் திண்ணையில் இருந்தபடியே "யாருப்பா அது?" என்று குரல் கொடுக்கும் பாட்டி மாதிரிதான். அதனால் ஒற்றையாக வாங்காதீர்கள், நாலைந்தாவது வேண்டும்.

சரி, உள்ளே ஏன் கூடாது? பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குள் புதுக்காற்று ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே நச்சுப்புகையும் நம்மைவிட வேகமாக ஏறிவிடும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை விஷவாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக் கேனரிக் குருவியை வைத்திருந்தது இதனால்தான். வெல்டிங் புகை, பெயிண்ட் ஸ்பிரே இரண்டுமே ஆகாது. அப்புறம், கீழே கிடக்கும் சின்ன ஆணி, நட்டு, கம்பித் துண்டு எல்லாவற்றையும் கொத்தி விழுங்கும். அவற்றின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு பறவைக்கு விஷம், தினமும் பெருக்குங்கள், இதில் சோம்பல் வேண்டவே வேண்டாம்.

வித்தியாசமாக இருக்கட்டும் என்று பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ வாங்கிவிடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கிண்ணிக்கோழி இருந்தால் பாம்பே வராது என்று பலர் நம்புகிறார்கள். அது பாம்பைக் கண்டால் கத்தும், அவ்வளவுதான், பலகைக் குவியலுக்குள் கையை விடும் முன் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.