கழுத்து இறுக்கத்துக்கு ஷியாட்சு செய்துகொள்ளலாமா?

கேள்வி: கணவருடன் டோக்கியோவில் வசிக்கிறேன். வயது 38. நாள் முழுவதும் கணினி வேலை. கழுத்தும் தோள்பட்டையும் இறுகி வலிக்கின்றன, தூக்கமும் சரியில்லை. ஷியாட்சு செய்துகொள்ளும்படி அலுவலகத் தோழி சொல்கிறார். அது என்ன சிகிச்சை? என்னுடன் இருக்கும் அம்மாவுக்கும் செய்யலாமா? அவருக்கு வயது 68. எலும்பு அடர்த்தி குறைவு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: நீங்கள் தாராளமாகச் செய்துகொள்ளலாம். அம்மாவுக்கு வேண்டாம்.

ஷியாட்சுவில் எண்ணெய் கிடையாது, உடை களைய வேண்டியதில்லை. தரைமெத்தையில் படுக்கவைத்து, கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் செங்குத்தாகச் சில விநாடிகள் அழுத்தி, மெல்ல விடுவார்கள். 'அன்மா' (anma) என்ற பழைய ஜப்பானியப் பிடித்துவிடும் முறையிலிருந்து கிளைத்த இதைப் பரப்பியவர் தோகுஜிரோ நாமிகோஷி. மூட்டுவலியால் வருந்திய தாயின் உடலைச் சிறுவயதில் அழுத்திவிட்டுப் பழகியவர். 1940இல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். பின்னாளில் ஷிசுதோ மசுநாகா, உயிராற்றல் ஓடும் பாதைகள் என்ற சீன மருத்துவக் கருத்தை இதில் விரிவாகச் சேர்த்தார். அந்தப் பாதைகளை உடற்கூறியலில் காட்ட முடியாது. ஆனாலும் இறுகிய தசை தளர்வதும், மனப் பதற்றம் தணிவதும், அன்றிரவு நன்றாக உறங்குவதும் பலருக்கும் கிடைக்கும் பலன்கள். இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. எனவே நோயைக் குணமாக்கும் என்று எவராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். நாள் முழுவதும் குனிந்தே வேலை செய்தால் இறுக்கம் திரும்பவும் வரும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவதும் அவசியம்.

ஜப்பானில் ஷியாட்சு செய்ய அரசு உரிமம் வேண்டும். குறைந்தது மூன்றாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் உண்டு. 'ரிலாக்சேஷன்' என்று பலகை மாட்டிய கடைகளில் உரிமம் இல்லாதவர்களும் இருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், அதில் கூச்சம் வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம்: நாமிகோஷி முறையில் கழுத்தின் முன்பக்கத்தையும் அழுத்துவார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி அங்கே ஓடுகிறது. அழுத்தத்தால் அதன் உட்சுவர் கிழிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனாலும் 'முன்கழுத்தைத் தொட வேண்டாம்' என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் நிலை வேறு. அடர்த்தி குறைந்த விலா எலும்பு கட்டைவிரல் அழுத்தத்திலேயே முறியக்கூடும். அவர் சாப்பிடும் மாத்திரையால் தசைக்குள் ரத்தம் கசிந்தால் எளிதில் நிற்காது. அதற்காக மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. உடல்வலிக்கு அவருக்கு மிதமான வெந்நீர் ஒத்தடமும் மெதுவான நடையும் போதும்.

உங்களுக்குக் கைவிரல்கள் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, வலியுடன் காய்ச்சல் வந்தாலோ, ஷியாட்சுவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள்.