பழைய பைக்கில் ஸ்போர்ட்பைக்கின் முன்பாகம் பொருந்துமா?

கேள்வி: என்னிடம் 1970களின் நான்கு சிலிண்டர் பைக் ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்போர்ட்பைக்கின் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்), முன்சக்கரம், பிரேக் எல்லாம் சேர்த்து விலைக்கு வருகின்றன. கோன் செட்டை (ஹேண்டில் சுழலும் பேரிங்குகளை) மட்டும் மாற்றினால் அப்படியே பொருந்திவிடும் என்கிறார்கள். உண்மையா? பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்தே வாங்கிவிடலாமா?

பதில்:

பொருந்தும். உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்கும் இதையேதான் சொன்னார்கள், எனக்கும் பொருந்தியது. பொருந்திய பிறகு நடந்ததை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாகங்களின் படத்தை ஏற்கெனவே நாலு பேருக்குக் காட்டியிருப்பீர்கள், மனதுக்குள் முடிவும் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே "வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. எனக்கு அப்படிச் சொன்னவர்களின் பேச்சை நானும் கேட்கவில்லை.

என்னுடையது ஹோண்டா சிபி750. 1969இல் அந்த வரிசை வந்தபோது முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்ததே பெரிய பேச்சு. அப்படிப்பட்ட வண்டியின் பிரேக்கையா மாற்றினாய் என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை மழையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒற்றை டிஸ்க், அதுவும் துருப்பிடிக்காத எஃகு. நனைந்துவிட்டால் லீவரைப் பிடித்த முதல் சில கணங்களுக்கு எதுவுமே நடக்காது. பிறகு திடீரென்று எல்லாம் நடக்கும். அந்தச் சில கணங்களில் முன்னால் நிற்கும் லாரியின் பின்பலகையில் எழுதியிருப்பதை முழுவதும் படித்துவிடலாம். நான் படித்திருக்கிறேன்.

பாரம்பரியத்தைக் கெடுத்துவிட்டதாகச் சாபமிடப்போகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கும்போதே அந்த வண்டியின் இஞ்சின் வேறொரு ஆண்டினுடையது. ஒரு ஃபோர்க் குழாய் வளைந்திருந்தது. சட்டகத்தில் நான் ஒரு துளைகூடப் போடவில்லை, எங்கும் வெல்டிங் வைக்கவில்லை. கழற்றிய ஒவ்வொரு பாகமும் கிரீஸ் தடவி, துணி சுற்றி, பெட்டியில் இருக்கிறது. ஒரு நாள் வேலையில் வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய வண்டியில் நான் கை வைக்கவில்லை.

2000களின் நடுவில் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஸ்போர்ட்பைக் ஒன்றின் முன்பாகம் கிடைத்தது. தலைகீழ் ஃபோர்க், பக்கத்துக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்), 17 அங்குலச் சக்கரம், 120/70 டயர். என் வண்டியின் பழைய ஃபோர்க் குழாய் 35 மி.மீ. விட்டம்தான். புதியதைப் பக்கத்தில் வைத்தபோது பழையது குடைக்கம்பி போலத் தெரிந்தது. ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ்க் கிளாம்பிலிருந்து, ஹேண்டில் சுழலும் தண்டை அழுத்திக் கழற்றி, அதில் என் வண்டியின் தண்டை ஏற்றி, குண்டுகளுக்குப் பதிலாகச் சரிவு ரோலர் பேரிங் போட்டால் வேலை முடிந்தது. ஒரே சனிக்கிழமை. நீங்கள் கேள்விப்பட்டதும் ஏறத்தாழ இதுதான்.

சிக்கல் ஹேண்டிலைத் திருப்பியபோது தொடங்கியது. ஸ்போர்ட்பைக்கின் கிளாம்பில் ஃபோர்க் குழாய்கள் தண்டுக்கு மிக அருகில் நிற்கும். தண்டின் மையத்திலிருந்து குழாய்களின் மையக்கோடு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அதைத்தான் ஆஃப்செட் என்கிறார்கள். என் பழைய கிளாம்பில் அது ஏறத்தாழ 65 மி.மீ., புதியதில் 30. அதனால் ஹேண்டிலைப் பாதி திருப்புவதற்குள் குழாய் போய்ப் பெட்ரோல் டாங்கில் இடித்தது. டாங்கில் ஒரு சிறு பள்ளம் விழுந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய ஆஃப்செட்டிலேயே புதிய குழாய்களுக்கு ஏற்ற கிளாம்ப் செய்தால் என்ன? சக்கரம் முன்னால் தள்ளி நிற்கும், டாங்கில் இடிக்காது, ஹேண்டில் முன்புபோல் முழுதாகத் திரும்பும். நீண்ட ஃபோர்க் வைத்த சாப்பர் வண்டிகள் நேர்சாலையில் தண்டவாளத்தில் போவதுபோல் போகின்றனவே, சக்கரம் முன்னால் போனால் வண்டி நிதானமாகத்தானே இருக்கும்? இப்படி நினைத்து அலுமினியக் கட்டியில் கடைந்து வாங்கினேன். செய்தவர் அருமையாகவே செய்து கொடுத்தார். அவர்மீது ஒரு குறையும் இல்லை. அளவு கொடுத்தவன் நான்.

முதல் நாள் வண்டி பட்டம்போலத் திரும்பியது. அரைநூற்றாண்டுப் பழைய இரும்புக் குதிரை, நான் கண்ணால் பார்த்த பக்கம் போனது. அன்று இரவு தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பெருமை அடித்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வாரம், நல்ல வேகத்தில், சாலையில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றைத் தாண்டியபோது ஹேண்டில் என் கையில் இல்லை. இருபக்கமும் படபடவென்று அடித்தது, கைகளை உதறியெறியப் பார்த்தது. அந்த நேரத்தில் அறிவோடு எதையோ செய்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டேன், வேகம் குறைந்தது, அதுவாகவே நின்றது. சாலையோரம் நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகான ஒரு மாதம் முட்டாள்தனத்தின் உச்சம். டயர் காற்றழுத்தம், சக்கரத்தின் சமநிலை, கோன் செட்டின் இறுக்கம், பின்பக்க ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றின்மீதும் பழி போட்டேன். கடைசியில், ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அதிர்வு குறைந்தது. குறைந்ததே தவிர, காரணம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. டாம்பரைத் தவறென்று சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மாட்டியதைத்தான் சொல்கிறேன்.

தற்செயலாகச் சர்வீஸ் கையேட்டைப் புரட்டியபோதுதான் விடை கிடைத்தது. அதில் காஸ்டர் 63 பாகை, டிரெயில் 95 மி.மீ. என்று இருக்கும். காஸ்டர் என்பது ஹேண்டில் சுழலும் அச்சின் சாய்வு. 63 என்பது தரையிலிருந்து அளந்தது. இன்று எல்லோரும் சொல்வது செங்குத்திலிருந்து அளந்த சாய்வை, அதாவது 27 பாகை. ஹேண்டில் எந்த அச்சில் சுழல்கிறதோ, அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் தானாகப் பின்னால் திரும்பி நேராவதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. இடைவெளி குறைந்தால் சக்கரத்தை நேராக்கும் விசையும் குறையும்.

இப்போது என் கைவேலையைப் பாருங்கள். 19 அங்குலச் சக்கரத்தை எடுத்து 17 போட்டதில் ஆரம் ஏறத்தாழ 30 மி.மீ. குறைந்தது. புதிய ஃபோர்க் 45 மி.மீ. குட்டை. ஆக, வண்டியின் மூக்கு 75 மி.மீ. இறங்கியது. இரு சக்கரங்களுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் உள்ள வண்டியில், மூக்கு 25 மி.மீ. இறங்கினால் சாய்வு ஒரு பாகை குறையும். அப்படியானால் 27 பாகை 24 ஆகிவிட்டது. இதோடு என் அறிவார்ந்த 65 மி.மீ. ஆஃப்செட். ஆஃப்செட் கூடினால் சக்கரம் அந்த அச்சுக் கோட்டை நோக்கி முன்னால் நகர்கிறது, டிரெயில் சுருங்குகிறது. நான் நினைத்ததற்கு நேர் எதிர். சாப்பருக்கு நிதானம் கொடுப்பது அதன் பெரிய சாய்வு. ஆஃப்செட்டுக்கு அதில் பங்கில்லை. கணக்குப் போட்டால் 95 மி.மீ. இருந்த இடத்தில் ஏறத்தாழ 62 மி.மீ. வந்தது. அதே 24 பாகைக்கு ஸ்போர்ட்பைக்கின் சொந்த 30 மி.மீ. கிளாம்பை வைத்துக் கணக்கிட்டேன். நூறு வந்தது. நான் கழற்றி வைத்த பாகத்தில்தான் விடை இருந்தது!

டிரெயிலுக்கான சூத்திரம் இதுதான்: சக்கர ஆரத்தைச் சாய்வின் சைனால் பெருக்கி, ஆஃப்செட்டைக் கழித்து, வருவதைச் சாய்வின் கொசைனால் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு தூக்குக்குண்டும் நூலும் இருந்தால் நேரடியாகவும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அளப்பது என்றதும் ஒரு வயிற்றெரிச்சல் வந்துவிடுகிறது, மன்னியுங்கள். இதையெல்லாம் அளக்க என்னிடம் நல்ல வெர்னியர் காலிப்பர் ஒன்று இருந்தது. என் மைத்துனர் "நாளைக்கே தருகிறேன் அத்தான்" என்று வாங்கிப்போய் மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். அதன் தாடை வளைந்திருந்தது. பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பியிருக்கிறார். கேட்டால், "பழசுதானே அத்தான்" என்கிறார். அளவுக்கருவிக்குப் பழசு, புதுசு என்ன? அது சரியாகக் காட்டுகிறதா இல்லையா என்பதுதானே பேச்சு? வீட்டில் இதைச் சொன்னால் ஒரு இரும்புத் துண்டுக்காகத் தம்பியோடு சண்டையா என்று எனக்கே திருப்பம். ஸ்பேனரை இரவல் கொடுங்கள், சுத்தியலைக் கொடுங்கள். அளவுக்கருவியைக் கொடுக்காதீர்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்போர்ட்பைக் கிளாம்பையே திரும்பப் போட்டேன். டாங்கில் இடிக்காமல் இருக்கக் கீழ்க் கிளாம்பில் மரை வெட்டிப் போல்ட் வைத்துத் திருப்பத்துக்கு எல்லை கட்டினேன். அதனால் ஹேண்டில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 25 பாகைதான் திரும்பும். குறுகிய சந்தில் யூ-டர்ன் என்பது எனக்கு இனி இல்லை. காலால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். ஆனால் அதே ஒட்டுப்போட்ட சாலையில், அதே வேகத்தில், டாம்பர் இல்லாமல் போனேன். கையில் ஒரு நடுக்கமும் வரவில்லை. பயத்தால் வந்த நடுக்கத்தை இதில் சேர்க்கவில்லை.

பிரேக் விஷயம் சுருக்கமாக. பிரேக் லீவரோடு இருக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதன் துளை 14 மி.மீ.; ஒரே ஒரு பிஸ்டனுக்கு எண்ணெய் தள்ளப் பிறந்தது. இப்போது எட்டுப் பிஸ்டன்கள். லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். 19 மி.மீ. துளையுள்ள ஒன்றோடு ஒப்பிட்டால், அதே தூரத்துக்குப் பழையது தள்ளும் எண்ணெய் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். காலிப்பர் எந்த வண்டியுடையதோ அதன் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே வாங்குங்கள். ஆக்சில், ஸ்பேசர்கள், தண்டின் நட்டு எல்லாம் பொட்டலத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தனித்தனியாகத் தேடினால் ஃபோர்க்கின் விலையையே தாண்டிவிடும்.

இன்னும் சில தொல்லைகள் உண்டு. வேகமானியின் கேபிள் பழைய சக்கரத்தின் மையத்திலிருந்து வருகிறது, புதியதில் அதற்கு இடமில்லை. காந்தமும் சென்சாரும் வைத்த மீட்டர் வேண்டும். வண்டி தாழ்ந்ததால் சைடு ஸ்டாண்ட் நீளமாகிவிட்டதுபோல் ஆகி, வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும். என்னுடையது ஒரு காற்றுக்கு மறுபக்கம் சாய்ந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டது. ஸ்போர்ட்பைக்கைவிட உங்கள் வண்டி நாற்பது கிலோவுக்கு மேல் கனமாக இருக்கலாம், ஆகவே ஃபோர்க் ஸ்பிரிங்கையும் மாற்ற நேரலாம். பிரேக் பிடித்தால் மூக்கு தரையை முகர்கிறதா என்று பாருங்கள். காப்பீடு, பதிவு விதிகளை நீங்கள் இருக்கும் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், அதில் என்னைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

கடைசியாக அந்த ஸ்விங் ஆர்ம். பழைய பின்டயர் நான்கு அங்குலம். 180 டயர் போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 40 மி.மீ. கூடும், செயின் டயரை உரசும். செயினை வெளியே தள்ள முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பற்சக்கரத்தை) நகர்த்தினால் அது ஏறிய தண்டின் பேரிங்குக்கு வேலை கூடும். ஒற்றை ஷாக் அப்சார்பருக்கு மாறினால், முன்பு இரண்டு இடங்களில், சீட்டுக்கு அடியில் பிரிந்து போன சுமை, பன்மடங்காகி ஒரே இடத்தில் இறங்கும். அந்தச் சுமையைத் தாங்க அந்த இடத்தில் சட்டகத்தை யாரும் வடிவமைக்கவில்லை. அங்கே வெல்டிங் வைத்த வண்டி ஒன்றில் முடிபோல் விரிசல் ஓடியிருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதைச் சரியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதை இப்போது வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் சாய்வு, பழைய ஆஃப்செட், புதிய கிளாம்பின் ஆஃப்செட், இரண்டு ஃபோர்க்குகளின் நீளம், இரண்டு டயர்களின் ஆரம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிக் கணக்குப் போடுங்கள். டிரெயில் 90க்கும் 105 மி.மீ.க்கும் நடுவில் வந்தால் முன்பாகத்தை மட்டும் வாங்கிப் பொருத்தி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பற்றி மறுபடி கேளுங்கள். அதற்குள் நானும் புது வெர்னியர் வாங்கி, பூட்டுப் போடும் பெட்டி ஒன்றையும் தேடிப் பிடித்திருப்பேன்.