அரப்பொடியில் வந்த கூடுதல் முகடுகள்

கேள்வி: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டை அரத்தால் அராவிப் பொடியாக்கி, தாமிரக் கதிரில் (அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம்) எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவு எடுத்தேன். 40 முதல் 85 பாகைக்குள் 43.6, 44.6, 50.8, 64.9, 74.7, 82.2 ஆகிய இடங்களில் முகடுகள் வந்தன. இந்த எஃகின் படிகம் முகப்பு மையக் கனசதுரம் (மூலைகளிலும் ஒவ்வொரு முகப்பின் நடுவிலும் அணு உள்ள அமைப்பு) என்றுதான் படித்திருக்கிறேன். ஆறு முகடுகளும் முழுதாக அதற்குள் அடங்கவில்லை. உலோகக் கலவையே தவறானதா?

பதில்: கலவையைச் சந்தேகிக்கும் முன் அரத்தைச் சந்தேகியுங்கள். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

கருவி தரும் கோணத்தைப் பாதியாக்கி, அதன் சைன் மதிப்பை வர்க்கப்படுத்துங்கள். கனசதுரப் படிகத்தில் இந்த வர்க்கங்கள் முழு எண் விகிதத்தில் நிற்கும். முகப்பு மையம் என்றால் 3, 4, 8, 11. பொருள் மையம் (மூலைகளிலும் கனசதுரத்தின் நடுவிலும் அணு) என்றால் 2, 4, 6, 8, அதாவது 1, 2, 3, 4.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். 43.6, 50.8, 74.7 ஆகியவை 0.1379, 0.1840, 0.3681 தருகின்றன. முதலாவதை 3 என்று கொண்டால் மற்றவை 4, 8. கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுர அலகின், விளிம்பு நீளம் 3.59 ஆங்ஸ்ட்ராம். நீங்கள் படித்த முகப்பு மைய வடிவம், அதாவது ஆஸ்டினைட், இதுதான். மிச்சமிருக்கும் மூன்றும் 0.1440, 0.2879, 0.4321. இது 1, 2, 3, பொருள் மையம் போலத் தெரிகிறது.

இங்கே ஒரு கண்ணி உண்டு. எளிய கனசதுரமும் (மூலைகளில் மட்டும் அணு) 1, 2, 3 என்றுதான் தொடங்கும். ஏழாம் முகட்டில்தான் இரண்டும் பிரியும், எளியதில் 7 கிடையாது. ஆனால் 0.1440 ஐ 7 ஆல் பெருக்கினால் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. சைன் வர்க்கம் ஒன்றைத் தாண்டாது என்பதால் அந்த முகட்டை இந்தக் கதிரில் பார்க்கவே முடியாது. அப்போது அடர்த்தி கைகொடுக்கும். எளிய கனசதுரமாக இருந்தால் விளிம்பு 2.03 ஆங்ஸ்ட்ராம், கூட்டுக்கு ஓர் இரும்பு அணு. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராம் வரும். எஃகு அவ்வளவு கனக்காது. பொருள் மையமாக இருந்தால் விளிம்பு 2.87, கூட்டுக்கு இரண்டு அணுக்கள், அடர்த்தி சுமார் 7.8. இது பொருந்துகிறது.

ஆக, பொடியில் இரண்டு கட்டங்கள், அதாவது இரண்டு படிக வடிவங்கள், இருக்கின்றன. 304 எஃகின் ஆஸ்டினைட் அறை வெப்பநிலையில் முழு நிலைப்புடன் இருப்பதில்லை. நசுக்கினாலோ அராவினாலோ அதில் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற பொருள் மைய வடிவமாக மாறிவிடும். ஆஸ்டினைட்டைக் காந்தம் இழுக்காது, மார்ட்டென்சைட்டை இழுக்கும். காந்தம் ஒன்றைத் தாளில் சுற்றித் தண்டருகிலும் பொடியருகிலும் கொண்டுபோங்கள். தண்டு சும்மா இருக்க, பொடி மட்டும் எழுந்து ஒட்டினால் மாற்றத்தை உண்டாக்கியது அராவல்தான். தண்டும் இழுபட்டால், அது முன்பே குளிர்நிலையில் இழுக்கப்பட்டிருக்கலாம், அல்லது வார்ப்பிலேயே ஃபெரைட் (காந்தம் இழுக்கும் இன்னொரு பொருள் மைய வடிவம்) தங்கியிருக்கலாம்.

பொடி இல்லாமலே பார்க்கலாம். தண்டில் ஒரு துண்டை வெட்டி, மேற்பரப்பை மின்வேதி முறையில் மெருகேற்றி, உராய்வால் கெட்ட அடுக்கை நீக்கிவிட்டுப் பதிவு எடுங்கள். நான் இதையே விரும்புவேன். பொடிதான் வேண்டுமென்றால், வெற்றிடமாக்கி மூடிய குவார்ட்ஸ் குழாயில் 1050 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, சட்டென்று குளிர வையுங்கள். திறந்த உலையில் வைத்தால் ஆக்சைடு முகடுகள்தான் கூடும்.

துண்டில் முகடுகளின் உயரம் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். இழுத்த தண்டில் படிகங்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். இடத்தை நம்புங்கள், உயரத்தை அல்ல. தாமிரக் கதிர் பட்டால் இரும்பு தானும் ஒளிர்ந்து பின்னணியை ஏற்றிவிடும். கோபால்ட் குழாய் கிடைத்தால் அதில் எடுங்கள். கோணங்கள் எல்லாம் நகரும், 3, 4, 8 நகராது.