முன் பிரேக்கை மாற்றிய பிறகு விபத்து: குற்றம் யார் தலையில்?

கேள்வி: நானுஓயாவில் இருக்கிறேன், சேர். என்னிடம் உள்ளது கொரோலா 121, ஓட்டோ கியர். இறக்கத்தில் பிரேக் கருகும் வாசம் வருகிறது என்று டவுன் கராஜ் ஒன்றில் முன் டிஸ்க்கைப் பெரிதாக்கினேன். 255 மில்லிமீற்றர் டிஸ்க்கைக் கழற்றி 275 போட்டார்கள். கலிப்பர் (டிஸ்க்கை இரு பக்கமும் நெரித்துப் பிடிக்கும் பகுதி) பஞ்சிகாவத்தையில் எடுத்த பாவித்த சாமான். றிம்மும் 14 அங்குலத்திலிருந்து 15 ஆனது. மொத்தம் 140,000 ரூபா. பில் தரவில்லை, பாதிக் காசை வங்கியில் போட்டேன். முதல் நாளிலிருந்தே பெடலை இரண்டு தரம் மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. வொட்ஸ்அப்பில் சொன்னபோது "ஓட ஓடச் சரியாகும்" என்று கராஜ்காரர் குரல் பதிவு அனுப்பினார். மூன்று கிழமை கழித்து ரம்பொடை இறக்கத்தில் பெடல் தரையோடு போய்விட்டது. ஓரமாக நின்ற ஆட்டோவில் மோதினேன், அதன் சாரதிக்குக் கை முறிவு. அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றிவிட்டீர்கள் என்று காப்புறுதிக் கம்பனி கைவிரிக்கிறது. பொலிஸ் வழக்குப் போடப் போகிறது. இன்னொரு பாஸ் (மெக்கானிக்) பார்த்துவிட்டு, இரண்டு கலிப்பரிலும் ப்ளீட் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் திருகு) கீழ்ப்பக்கம் இருக்கிறது, பிரேக் ஒயில் கறுத்துக் கிடக்கிறது என்றார். நான் செய்தது சட்டவிரோதமா? நட்டத்தை கராஜிடம் வாங்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி அந்த ப்ளீட் நிப்பிள் பற்றியது. அந்த நிலை மாறிவிடுவதற்கு முன் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரேக் பைப்புக்குள் இருக்கும் காற்று எப்போதும் மேலே ஏறும். அதனால் நிப்பிள் கலிப்பரின் மேல் முனையில்தான் இருக்க வேண்டும். இடது கலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் போல்ட் சரியாக உட்காரும், டிஸ்க்கும் சுற்றும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை முறை ப்ளீட் செய்தாலும் பிஸ்டனுக்கு மேலே ஒரு குமிழ் காற்று தங்கியே இருக்கும். இரண்டு தரம் மிதித்தால்தான் பிடித்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கறுத்த ஒயில் இன்னொரு பக்கம். டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் குறையாமல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்தபின் அந்த எல்லை 140 பாகை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து லபுக்கலை வழியாக இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் பழைய ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும்.

பெரிய டிஸ்க்குக்கு இதில் பங்கில்லை. 20 மில்லிமீற்றர் கூடியதால் பேட் அழுத்தும் இடம் அச்சிலிருந்து சுமார் 10 மில்லிமீற்றர் வெளியே போகிறது. பிஸ்டன் அளவு மாறாவிட்டால் அதே மிதிக்கு முன் சில்லில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும், சூடும் கூடுதலாகத் தாங்கும். பெடல் கீழே போவதற்கு டிஸ்க்கின் விட்டம் காரணமாகாது. உங்கள் வழக்கு முழுக்க இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. "மாற்றம் செய்தார், விபத்து நடந்தது" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் எதிர்த்தரப்பு பார்க்கும். மாற்றம் வேறு, மாற்றியவர் செய்த பிழை வேறு என்று நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டும்.

அதற்குச் சான்று வேண்டும். காரை இப்போது யாரும் தொடக்கூடாது. காயம் பட்ட விபத்து என்பதால் பொலிஸார் வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்டுவார்கள்; பிரேக்கின் நிலை பற்றி அவர் எழுதும் அறிக்கைதான் நீதிமன்றத்தில் முதலில் பேசப்படும். நிப்பிளின் திசையையும் ஒயிலின் நிலையையும் குறிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள். அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதிக்கும் விண்ணப்பியுங்கள். அவர் பார்த்து முடித்தபின், கழற்றுவதற்கு முன்பே, சில்லு, கலிப்பர், நிப்பிள் மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி இரு பக்கமும் படம் எடுங்கள். ஒயிலில் கொஞ்சம் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் அடைத்து, திகதி எழுதி, இரண்டு பேர் முன்னிலையில் மூடி வையுங்கள். கழற்றும் நாளை ஒரு கிழமைக்கு முன்பே பதிவுத் தபாலில் கராஜுக்கு அறிவியுங்கள். கராஜ்காரர் வந்தால் நல்லது. வராவிட்டால் "பிறகு நீங்களே மாற்றி மாட்டினீர்கள்" என்று சொல்லும் வாய்ப்பு அவருக்குக் குறையும். அந்த இரண்டாவது பாஸ் கண்டதை வாய்ப்பேச்சாக விடாமல் சத்தியக் கடதாசியாக வாங்கி வையுங்கள். சில்லறை வேலை என்று அலட்சியம் வேண்டாம். இப்படியான வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தில் அல்ல, கழற்றி எறிந்த சாமானில்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. முதல் நாளிலிருந்தே பெடல் சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று கிழமை ஓட்டியிருக்கிறீர்கள். திடீரென்று, அறியாமல் நேர்ந்த பிரேக் கோளாறு என்றால் அது ஓர் எதிர்வாதம். அறிந்த கோளாறு என்றால் அந்த வாதம் பாதி செத்துவிடும். அதற்கு உங்கள் கையில் இருக்கும் மருந்து அந்தக் குரல் பதிவுதான். குறையைச் சொல்லியிருக்கிறீர்கள், தொழில் தெரிந்தவர் ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அத்தகைய பதிவுகளைச் சான்றாக முன்வைக்கலாம். அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் பண்ணாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதும் என்று நினைக்கவும் வேண்டாம்.

பொலிஸ் வழக்கு பெரும்பாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 149(1) (விபத்தைத் தவிர்க்கத் தவறியது), 151(3) (கவலையீனமாக ஓட்டியது) பிரிவுகளில் வரும். முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போவது நம்மூர் வழக்கம். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். நீங்கள் ஒப்புக்கொண்டதை ஆட்டோ சாரதியின் நட்டஈட்டு வழக்கிலும் கராஜின் பதிலிலும் உங்களுக்கு எதிராகத் தூக்கிக் காட்டுவார்கள். இன்னொன்று, உங்கள் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டதா? "பிரேக்கை மாத்தினேன்" என்று நீங்கள் சொன்னது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரச கரும மொழி. விளங்காத மொழியில் கையொப்பமிட்டிருந்தால் மேலதிக வாக்குமூலம் தமிழில் கொடுக்கக் கேளுங்கள்.

மாற்றம் சட்டவிரோதமா என்றால், டிஸ்க்கின் விட்டம் சிஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) எழுதப்படும் விவரமல்ல. டயர் அளவு எழுதியிருந்தால் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 185/70ஆர்14 இருந்த இடத்தில் 195/60ஆர்15 போட்டிருந்தால் வெளிவிட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய 615 மில்லிமீற்றர், சுமைக்குறியீடும் இரண்டுக்கும் 88, ஸ்பீடோமீற்றரும் பிசகாது. ஆனாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுப் பதிவைத் திருத்திக்கொள்வது நல்லது. ஒரு கேள்வியை மட்டும் கராஜிடம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்: கலிப்பர் பிராக்கட் கம்பனிச் சாமானா, லேத் பட்டறையில் வெட்டி ஒட்டியதா? ஒட்டியதென்றால் நான் இதுவரை சொன்னதில் பாதியைத் திரும்ப எழுத வேண்டும்.

காப்புறுதிக் கம்பனியின் ஒற்றைவரி மறுப்பை ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று இலக்கத்தோடு எழுத்தில் கேளுங்கள். விலக்கைச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பொது விதி. மாற்றம் செய்தபின் பொலிசியைப் புதுப்பித்து அப்போதும் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் கை ஓங்கும். இடையில் செய்தது என்றால் பொலிசியின் வாசகம்தான் தீர்மானிக்கும். ஆட்டோ சாரதியின் காயத்துக்கான கோரிக்கையையும் உங்கள் பொனட்டுக்கான கோரிக்கையையும் தனித்தனியே நடத்துங்கள். கட்டாயக் காப்புறுதி இருப்பதே அவரைப் போன்றவர்களுக்காக. அவர் வழக்குப் போட்டு அழைப்பாணை வந்தால் அன்றே கம்பனிக்குப் பிரதி அனுப்புங்கள். தலைமை அலுவலகமும் மறுத்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

கராஜுக்கு வருவோம். பில் இல்லாதது பலவீனம்தான், ஆனால் வங்கிச் சீட்டும் வொட்ஸ்அப்பும் ஒப்பந்தத்தைக் காட்டும். "பாவித்த சாமான், கேரன்டி இல்லை" என்பார். அது சாமானுக்குத்தான் பொருந்தும், இடம் மாற்றி மாட்டிய கைக்குப் பொருந்தாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய உத்தரவாதம். அங்கே முறைப்பாடு செய்ய வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். விபத்து நாளிலிருந்து எண்ணி ஏமாறாதீர்கள். வழக்கென்றால் எழுத்தில்லா ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, கவலையீனத்தால் வந்த நட்டத்துக்கு இரண்டு ஆண்டு. தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கலாம். அங்கே உங்களுக்காக வக்கீல் பேச முடியாது, படங்களை நீங்களே எடுத்துப் போக வேண்டும்.

முழுத்தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இரு தரப்புப் பிழையையும் பங்கிட நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. இறக்கத்தில் கியரை டியிலேயே விட்டிருந்தீர்களா, ஓவர்டிரைவை அணைத்து 2க்கு மாற்றினீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மையையே சொல்லுங்கள்.

காரை எடுத்து ஓட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஓட்டாதீர்கள். சான்றெல்லாம் எடுத்து முடிந்தபின், கலிப்பரை உரிய பக்கம் மாற்றி, ஹோஸைக் கலிப்பரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செப்பு வோஷரைப் புதிதாகப் போட்டு, பழைய ஒயிலை முழுக்க வெளியேற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து ஹோஸ் எங்கேயும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல இறங்கினால் கார் கராஜிலேயே நிற்கட்டும். இறங்காவிட்டால் அந்த வேலைக்கான பில்லில் டிஸ்க் அளவு, ஒயில் வகை, திகதி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக் காசைக் கொடுங்கள்.